பாடம் வேண்டும், பட்டம் வேண்டாம்: அரசியல் அறிவியல் படிப்பும் அது கொண்டுசேர்க்கும் வேலைகளும்

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் 2022ஆம் ஆண்டு முதலிடம் பெற்றவர் இஷிதா கிஷோர். தில்லி ஸ்ரீராம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். தேர்வுக்கு அவர் எடுத்த விருப்பப் பாடம் ‘அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்’. 2024ஆம் ஆண்டு முதலிடம் பெற்ற சக்தி துபே அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தவர். அவருடைய விருப்பப் பாடமும் அதுவே. அதே ஆண்டு இரண்டாமிடம் வந்த ஹர்ஷிதா கோயல் பி.காம். பட்டதாரி; அவரும் அதைத்தான் எடுத்தார். 2015இல் முதலிடம் பெற்ற டீனா டாபி ஒருவரே இவர்களில் கல்லூரியிலும் அரசியல் அறிவியல் படித்துவிட்டு வந்தவர்.

அரசியல் அறிவியல் துறைகளின் சுவரில் வெற்றியாளர் படங்களைத் தொங்கவிட்டு மாணவர்களை அழைப்பவர்கள் இந்தப் பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டும். பாடத்துக்கு நாட்டில் கிராக்கி இருக்கிறது. பட்டத்துக்கு அதே கிராக்கி இருப்பதாக இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பொறியியல், மருத்துவம், உயிர்வேதியியல் படித்தவர்கள் ஓரிரு ஆண்டுகள் உட்கார்ந்து இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு முதல் வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். அப்படியானால் மூன்று ஆண்டுகள் கல்லூரியில் இதையே படிப்பவருக்குக் கிடைப்பது என்ன? மே மாதத்தில் கலைக் கல்லூரி வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கும் பெற்றோர் பேராசிரியரிடம் கேட்பதும் இதைத்தான்: “இதப் படிச்சா என்ன வேலைங்க சார் கிடைக்கும்?” பெரும்பாலும் “கலெக்டர் ஆகலாம்” என்ற ஒற்றைப் பதில்தான் வருகிறது. அது பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை.

கணக்கைப் பார்த்துவிடலாம். 2022 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 11,35,697 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,73,735 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 13,090 பேர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,529 பேர். கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 933 பேர். அதாவது எழுதிய சுமார் 615 பேரில் ஒருவர். இந்த ஒருவரைக் காட்டி 614 பேரைப் படிக்க அழைப்பது நேர்மையான ஆலோசனை ஆகாது.

இருந்தாலும் தேர்வின் அமைப்பு இந்தப் பாடத்துக்குச் சாதகமானது என்பதை மறுக்க முடியாது. 2013இல் கொண்டுவரப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்கிடப்படும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 1,750. அதில் விருப்பப் பாடத்தின் இரு தாள்களுக்கு 500. பொது அறிவு இரண்டாம் தாள் அரசமைப்பு, ஆட்சிமுறை, சமூக நீதி, பன்னாட்டு உறவுகள் ஆகியவற்றைப் பற்றியது, அதற்கு 250. ஆக, அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர் 750 மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ ஒரே நிலத்தில் உழுகிறார். பிற பட்டதாரிகள் இந்தப் பாடத்தை நாடி வருவதன் காரணம் இதுதான். நம் மாநிலத் தேர்வாணையமான டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 1 முதல் குரூப் 4 வரை ‘இந்திய ஆட்சியியல்’ ஓர் அலகு. பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கூட அடிப்படை உரிமைகளையும் நிதி ஆணையத்தையும் மனப்பாடம் செய்கிறார். கோச்சிங் சென்டர்களில் எம். லட்சுமிகாந்தின் ஆட்சியியல் நூல் இல்லாத பையைப் பார்ப்பது அரிது.

ஆனால் தேர்வுக்குப் படிக்கும் ஆட்சியியல் வேறு, அரசியல் அறிவியல் வேறு. அரசமைப்பின் 356ஆவது பிரிவை எடுத்துக்கொள்வோம். தேர்வுக்குப் படிப்பவர், இந்தப் பிரிவின் கீழ் தமிழ்நாட்டு அரசுகள் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் கலைக்கப்பட்டன என்று குறித்துக்கொள்வார். 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்றது என்பதையும் சேர்த்துக்கொள்வார். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதும்.

அரசியல் அறிவியல் மாணவர் தொடங்க வேண்டியது அதற்குப் பிறகு. 1976இல் ஆளுநர் கே.கே. ஷாவின் அறிக்கையின் பேரில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. 1991 ஜனவரி 30 அன்று அதே கட்சியின் அரசு கலைக்கப்பட்டபோது ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்பவில்லை. ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே குடியரசுத் தலைவர் நடவடிக்கை எடுக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஆணை வந்தது. அப்போது மத்தியில் இருந்தது, காங்கிரசின் வெளி ஆதரவில் நின்ற சந்திரசேகரின் சிறுபான்மை அரசு. அரசமைப்பு ஒன்றுதான், பிரிவும் ஒன்றுதான். ஆட்சியில் இருப்பவரின் எண்ணிக்கை பலம் மாறும்போது அதே பிரிவு வேறு வேறு விதமாக வேலை செய்கிறது. ஏன்? 1994க்குப் பிறகு இந்தப் பிரிவின் பயன்பாடு குறைந்ததற்கு நீதிமன்றம் மட்டுமே காரணமா, மாநிலக் கட்சிகளின் தயவில் மத்திய அரசுகள் நடந்த காலம் என்பதும் காரணமா? இந்தக் கேள்விக்குச் சரியான விடையைக் கறுப்பு வட்டத்தில் நிரப்ப முடியாது. ஆதாரம் திரட்டி, இரண்டு விளக்கங்களையும் எதிரெதிரே வைத்து, எது கூடுதலாகப் பொருந்துகிறது என்று வாதிட வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு தரவேண்டிய பயிற்சி அது. வழக்கறிஞருக்கும் நிருபருக்கும் சட்டமன்றத்தில் கேள்வி தயாரிக்கும் உதவியாளருக்கும் பிற்பாடு சோறு போடுவதும் அதுதான்.

நம் கல்லூரிகள் இதைத் தருகின்றனவா? பாடத்திட்டத்தைப் புரட்டினால் பிளேட்டோவில் தொடங்கி மார்க்ஸ் வரை மேலைநாட்டுச் சிந்தனையாளர்கள், பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து ஆட்சிமுறைகள், இந்திய அரசமைப்பு, பொது நிர்வாகம், பன்னாட்டு உறவுகள், மனித உரிமைகள் என்று நிறைவாகத்தான் இருக்கிறது. குறை வேறு இடத்தில். ஆய்வு முறைகள் என்பது பெரும்பாலும் ஒரு பருவத்துத் தாளோடு முடிந்துவிடுகிறது. புள்ளியியல் என்றாலே கலைப்பிரிவு மாணவர்களுக்கு ஒவ்வாமை. களத்துக்குப் போய் ஒரு தரவைச் சேகரிக்காமலே அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கிவிட முடிகிறது. வேலைச் சந்தையில் இந்தப் பட்டம் சளைத்துப் போவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

களம் என்றால் என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 1963இல் ரஜனி கோத்தாரி தில்லியில் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு, தேர்தல்தோறும் வாக்காளர் ஆய்வுகளை நடத்துகிறது. மாநிலங்களில் அந்த ஆய்வின் கால்களாக இருப்பவர்கள் கல்லூரி மாணவர்கள். தொகுதிகளும் வாக்குச்சாவடிகளும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பிறகு வாக்காளர் பட்டியல். ஒரு சாவடியில் 1,000 பேர் இருக்கிறார்கள், 20 பேரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க எண் ஒன்றைக் குலுக்கிப் போட்டு, அங்கிருந்து ஐம்பதாவது பெயர், அதற்கடுத்த ஐம்பதாவது பெயர் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். வழியில் தென்படுகிறவரையோ, பேசத் தயாராக இருக்கிறவரையோ பிடித்துக் கேட்கக் கூடாது. பட்டியலில் உள்ள அந்தப் பெயரைத்தான் தேடிப் போக வேண்டும். பெயருக்கு உரியவர் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் மாலையில் மறுபடி போக வேண்டும்.

வீட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் நிஜமான சோதனை. பட்டியலில் இருப்பது மனைவியின் பெயர். திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்குவது கணவர். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்கிறார். “அவளுக்கு என்னப்பா தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கோ” என்கிறார் மாமனார். இருபது வயது மாணவி, யாரையும் புண்படுத்தாமல், “இல்லீங்க ஐயா, இந்தப் பேருக்கு உள்ளவங்கதான் சொல்லணும்” என்று அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்வியை வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறித்து மடித்து, கையிலுள்ள மாதிரிப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள்.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்ற அமெரிக்க இணையர் 1950களில் அன்றைய சென்னை மாநிலத்தில் கருத்தாய்வு நடத்திவிட்டு, அந்த அனுபவத்தை 1958இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். கருத்து என்பது தனி மனிதருக்கு உரியது, தனியே கேட்டால் சொல்வார் என்ற அமெரிக்க அனுமானம் நம் ஊர் வீட்டு முற்றத்தில் நிற்கவில்லை என்பதே அதன் சாரம். இன்றும் ஆய்வு முறையியல் வகுப்புகளில் அது பேசப்படுகிறது. ஆய்வு நடந்தது நம் ஊர்களில்; படிப்பவர்கள் சிகாகோவில். நம் கல்லூரிகளில் எத்தனை வகுப்புகளில் அது படிக்கப்படுகிறது என்று கேட்டால் சங்கடமாக இருக்கும்.

கருத்தாய்வுக்கு ஆளும் பணமும் வேண்டும். பணமே தேவைப்படாத ஒரு பயிற்சி உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் தேர்தல் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாளுக்குப் படிவம் 20 என்று பெயர். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். இடப்பக்கம் வாக்குச்சாவடி எண், மேலே வேட்பாளர் பெயர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சாவடியில் அவர் வாங்கிய வாக்கு, வலப்பக்கம் நோட்டா, மொத்தம். அடியில் தபால் வாக்குகள் தனியாக. ஒரு தொகுதிக்கு முந்நூறு வரிகள் வரும். சில தொகுதிகளின் தாள் கோணலாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கும். கண்ணால் படித்து எக்செல்லில் கையால் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ஏற்றி முடித்ததும் கூட்டுத்தொகை சரிபார்க்க வேண்டும்.

அலுப்பான வேலைதான். ஆனால் சாவடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சாவடி எந்தத் தெருக்களுக்கு உரியது என்று பார்த்தால் அந்தத் தாள் பேசத் தொடங்கும். நம் கிராமங்கள் பலவற்றில் ஊருக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி. ஒரே ஊராட்சியின் இரண்டு வரிகளில் வாக்குகள் எதிரெதிர்த் திசையில் போயிருப்பதைப் பார்க்கும் மாணவர், சாதியும் வாக்கும் பற்றித் தொலைக்காட்சி விவாதங்களில் சொல்லப்படும் பாதிக் கதைகளைத் தானே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தேர்தல்களின் தாள்களை ஒப்பிட்டு நாற்பது பக்கத்தில் ஒரு புராஜெக்ட் எழுதினால், நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட அது பேசும். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி அரசியல் தரவு மையம் ‘லோக் தாபா’ என்ற பெயரில் பல பத்தாண்டுகளின் தேர்தல் முடிவுகளை இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே தொகுதி அளவில்தான் கிடைக்கும். சாவடி அளவுக்கு இறங்க நாம்தான் உட்கார வேண்டும்.

இப்படிப்பட்ட வேலை தெரிந்தவர்களுக்கு இடம் எங்கே? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவி செய்யும் பி.ஆர்.எஸ். நிறுவனம் 2010 முதல் ‘லாம்ப்’ என்ற பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பட்டதாரி ஒருவர், மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி நிதிநிலைக் கூட்டத்தொடர் வரை ஓர் உறுப்பினரோடு இருந்து, கேள்விகள் தயாரிக்கிறார், மசோதாக்களைச் சுருக்கி எழுதித் தருகிறார். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் 1999இல் தொடங்கிய ஏ.டி.ஆர். அமைப்பு வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்களைத் தோண்டி எடுத்துத் தொகுக்கிறது. வேட்பாளரின் சொத்தும் வழக்கும் இன்று நமக்குத் தெரிவது 2002இல் அந்த அமைப்பு பெற்ற தீர்ப்பால். 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கின் மனுதாரர்களில் அதுவும் ஒன்று. அரசியல் தரவோடு சட்டத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இத்தகைய அமைப்புகளில் வேலை உண்டு. சம்பளம் மென்பொருள் நிறுவன அளவுக்கு இராது.

தேர்தல் வியூக நிறுவனங்கள் வேறு ரகம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காக ஐ-பேக் வேலை செய்தபோதுதான் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலருக்கு இப்படியொரு தொழில் இருப்பதே தெரிந்தது. நல்ல சம்பளம், ஓய்வில்லாத வேலை, ஒரு தொகுதியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் அனுபவம் எல்லாம் உண்டு. வாக்கு எண்ணிய மறுநாள் பெரும்பாலோருக்கு வேலை இராது. இதை வாழ்க்கைத் தொழிலாக நினைத்து நுழைவது சரியில்லை. இரண்டு ஆண்டுப் பள்ளிக்கூடமாக நினைத்தால் லாபம்.

சட்டப் படிப்பு இந்தப் பட்டத்தின் இயல்பான தொடர்ச்சி. மூன்றாண்டு எல்.எல்.பி. வகுப்பில் அரசமைப்புச் சட்டத்தைப் புதிதாகச் சந்திப்பவர்களைவிட இவர்கள் ஒரு படி முன்னே நிற்பார்கள். இதழியலும் அப்படியே. அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியப் பணியைப் பற்றித்தான் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் வரலாறோ புவியியலோ படித்தவர் பட்டப்படிப்போடு பி.எட். சேரலாம், அரசியல் அறிவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்கு முதுகலையும் கேட்பதே வழக்கம். பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் குடிமையியலும் நடத்துகிறார், ஆனால் குடிமையியலைப் படித்தவர் அந்தப் பணிக்கு நேரே வர முடியாது. மேல்நிலைப் பள்ளிகளில் அரசியல் அறிவியல் உள்ள பிரிவுகளும் குறைவு. கல்லூரிப் பணிக்கு யு.ஜி.சி. நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். நடுவே நெடுங்காலம் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு அரசுக் கல்லூரியில் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். அதே வகுப்பு, அதே பாடம். முனைவர் பட்டத்தோடு நாற்பது வயதைத் தொட்டவர்கள் இந்த வரிசையில் நிற்கிறார்கள். பேராசிரியர் ஆக விரும்பும் மாணவருக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது துரோகம்.

அரசுப் பணிக்கு வருவோம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளி தொடங்கி முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020 திருத்தம் இறுக்கியது. கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்து தமிழ் வழியில் அரசியல் அறிவியல் படிக்கும் மாணவருக்கு இது பெரிய ஆதாயம். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் கிடைக்கிறது. சட்டமன்றச் செயலகத்தில் தமிழ் நிருபர், ஆங்கில நிருபர் பணிகளும் டி.என்.பி.எஸ்.சி. வழிதான். அரசியல் நிகழும் அவைக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் வேலை. அதற்கு எந்தப் பட்டமும் போதும், சுருக்கெழுத்து வேகம்தான் வேண்டும்.

சுருக்கெழுத்து கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேறு சில இடங்களில் நியாயம் தென்படவில்லை. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. அரசுத் திட்டங்களின் செயல்பாட்டைக் கண்காணிக்கவும் கொள்கை ஆலோசனை தரவும் இளைஞர்களை இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளும் நல்ல திட்டம். அதற்கான அறிவிப்பில் உள்ள தகுதி விதி இது: பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகிய தொழிற்படிப்புகளில் முதல் வகுப்பு இளநிலைப் பட்டம், கலை, அறிவியல் என்றால் முதுகலைப் பட்டம். பி.இ. மெக்கானிக்கல் படித்தவர் அரசுக் கொள்கை பற்றி ஆலோசனை சொல்ல நேரே விண்ணப்பிக்கலாம். அரசும் கொள்கையும் என்னவென்று மூன்றாண்டு படித்தவர் இன்னும் இரண்டாண்டு படித்துவிட்டு வர வேண்டும். பொறியியல் நான்காண்டு, கலைப் படிப்பு மூன்றாண்டு என்ற சமாதானம் ஓரளவுக்குத்தான் எடுபடும். சட்டப் படிப்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும். ஒரு மாட்டு மருத்துவர் ஊராட்சி நிதியைப் பற்றி எங்கே படித்தார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மேல்மட்டத்திலும் இதே பழக்கம்தான். மத்திய மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த குழுவில் நீதிபதி பி.வி. ராஜமன்னார் தலைவர், மருத்துவரும் துணைவேந்தருமான ஆ. லட்சுமணசாமி முதலியாரும் நீதிபதி பி. சந்திரா ரெட்டியும் உறுப்பினர்கள். 2025 ஏப்ரலில் மாநில சுயாட்சி பற்றி அமைக்கப்பட்ட குழுவில் நீதிபதி குரியன் ஜோசப் தலைவர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் வர்தன் ஷெட்டியும் பொருளாதாரப் பேராசிரியர் மு. நாகநாதனும் உறுப்பினர்கள். எல்லாரும் தகுதியானவர்களே. ஆனால் கூட்டாட்சி என்பது அரசியல் அறிவியலின் நடுக்கூடம். ஐம்பத்தாறு ஆண்டு இடைவெளியில் அமைந்த இரண்டு குழுக்களிலும் அந்தத் துறையிலிருந்து ஒருவரை அழைக்கத் தோன்றவில்லை என்றால், பிழை அரசிடம் பாதி, துறையிடம் பாதி.

துறையின் பங்கை விளக்கிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசியல் பற்றி உலகம் படிக்கும் நூல்களை எடுத்துப் பாருங்கள். திராவிட இயக்கம் பற்றி 1965இல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவும் 1976இல் எழுதிய மார்கரீட் ராஸ் பார்னெட்டும் அமெரிக்கர்கள். எம்.ஜி.ஆரின் திரைப்படமும் அரசியலும் பற்றி 1992இல் வெளிவந்த நூலின் ஆசிரியர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், நாஞ்சில் நாட்டு வேளாண் பொருளாதாரத்தை ஆராய்ந்து ஆய்வுலகுக்குள் வந்தவர். அவருக்கு இடம் கொடுத்தது, மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். திராவிட மாடல் பற்றி 2021இல் எழுதிய கலையரசன், விஜயபாஸ்கர் இருவரும் பொருளாதாரப் பின்னணி கொண்டவர்கள். நம் அரசியல் அறிவியல் துறைகளின் பெயர் இந்த வரிசையில் முன்னால் வருவதில்லை. காந்திகிராமத்தில் க. பழனித்துரை ஊராட்சிகளைப் பற்றிச் செய்ததும், அதைத் தமிழிலேயே எழுதிப் பரப்பியதும் விதிவிலக்கு. 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் கொண்ட மாநிலம் இது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டமும் திருத்தியாயிற்று. ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கும் ஊர்கள் எத்தனை, அவரே உட்கார்ந்து நடத்தும் ஊர்கள் எத்தனை, இரண்டுக்கும் வித்தியாசம் எதனால் என்பது ஆயிரம் புராஜெக்டுகளுக்குத் தீனி. பேருந்துக் கட்டணம்தான் செலவு.

இந்தத் துறை தொடக்கத்தில் இப்படி இல்லை என்பதற்கு ஒருவரைச் சொல்லலாம். ஏ. அப்பாதுரை. தமிழறிஞர் கா. அப்பாத்துரையார் அல்ல, இவர் வேறு. தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதார நிலை பற்றிய இவருடைய பெரிய ஆய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்டது. 1942இல் இவர் எழுதிய அரசியல் அறிவியல் அறிமுக நூல் இந்தியக் கல்லூரிகளில் பல தலைமுறைகளுக்குப் பாடநூல். தில்லி போய் உலக விவகாரங்களுக்கான இந்தியக் குழுவை நடத்தியவர், 1955இல் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியின் முதல் இயக்குநரானார். அந்தப் பள்ளி 1970இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வெளியுறவுத் துறை அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான். அவரும் இளநிலையில் வேதியியல் படித்தவர் என்பது இந்தக் கட்டுரையின் முதல் பத்திக்கு இன்னொரு சாட்சி. வெளியுறவுப் பணி, தூதரகங்கள், பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள் பக்கம் போக விரும்பும் மாணவர் முதுகலைக்கு இத்தகைய இடங்களைக் குறிவைப்பது நல்லது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. தமிழ் வழி மாணவர்களுக்கு அங்கே முதல் தடை பாடம் அல்ல, ஆங்கிலம். இரண்டாம் ஆண்டிலிருந்தே ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைத் தினமும் படித்துத் தமிழில் பத்து வரி எழுதி வந்தால் அது பெருமளவு கரையும்.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழில் நூல்கள் வெளியிட்டது. அன்றைய ஆர்வம் பிற்பாடு தொடரவில்லை. 2018, 2019இல் வந்த பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்களே இன்று தேர்வுக்குப் படிப்பவர்கள் தமிழில் முதலில் தேடும் நூல்கள். பள்ளி நூலுக்கு மேலே கல்லூரி மாணவருக்குத் தமிழில் ஏணி இல்லை. இதைப் பேராசிரியர்கள்தான் செய்ய வேண்டும். பதவி உயர்வுக்கு ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளையே கணக்கில் எடுக்கும் வரை அவர்களையும் குறைசொல்லிப் பயனில்லை.

பெற்றோரின் கேள்விக்கு என்னுடைய பதில் இது. இந்தப் பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. பட்டத்தோடு சட்டமோ, புள்ளியியலும் கணினியுமோ, இதழியலோ, நல்ல முதுகலையோ சேர்ந்தால் தரும். மூன்று ஆண்டுகளையும் குரூப் 4 பயிற்சியாக மட்டும் கழிப்பதானால் வேறு எந்தப் பட்டத்தோடும் அதைச் செய்யலாம். மகளோ மகனோ சட்டமன்ற நேரலையை விரும்பிப் பார்க்கிற பிள்ளையாக இருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் அந்தத் துறையில் கடைசி ஆண்டு மாணவர்கள் எழுதிய புராஜெக்ட் இரண்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். களத்துக்குப் போயிருக்கிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரசுக்கும் இரண்டு கோரிக்கைகள் உண்டு. புத்தாய்வுத் திட்டத்தில் அரசியல் அறிவியல், பொது நிர்வாகம் படித்த இளநிலைப் பட்டதாரிகளுக்கும் போட்டியிட இடம் தர வேண்டும். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கும்போது தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவார் என்ற அச்சம் தேவையில்லை. பி.எட். சேர்க்கையில் வரலாற்றுப் பட்டதாரிக்கு உள்ள வாய்ப்பை அரசியல் அறிவியல் பட்டதாரிக்கும் தர வேண்டும். இரண்டுமே விதிகளைத் திருத்தினால் முடிகிற காரியங்கள்.